கன்று ஈனும் நிலமும் இரண்டு ஊர்ப் பெண்களும்

அலாஸ்காவின் வடகிழக்கு மூலையில், கனடாவின் எல்லையை ஒட்டி, ஆட்டிக் சமுத்திரத்தைப் பார்த்தபடி ஒரு பெருநிலம் கிடக்கிறது. அதற்கு வீதி இல்லை. வடக்கே போகப்போக மரமும் இல்லாமற் போய்விடும். மலைத்தொடர் ஒன்று குறுக்கே ஓட, அதற்கு அப்பால் கடல் வரைக்கும் புல்லும் பாசியும் சேறும் நிறைந்த சமவெளி. வருடத்தின் பெரும்பகுதி பனி மூடியிருக்கும். ஐக்கிய அமெரிக்க அரசு இதனை ஆட்டிக் தேசிய வனசீவராசிகள் சரணாலயம் என்று அழைக்கிறது. பரப்பளவு 19 மில்லியன் ஏக்கருக்கும் மேல். எமது இலங்கைத் தீவு முழுவதையும் தூக்கி அதற்குள் வைத்தாலும் இடம் மிஞ்சும்.

இதில் கடலோரச் சமவெளி என்பது ஒரு சிறு துண்டு. 1.5 மில்லியன் ஏக்கருக்குச் சற்று அதிகம். எமது வட மாகாணத்தின் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துண்டின் கீழே எண்ணெய் உண்டு என்று நம்பப்படுகிறது. அதன் மேலேதான் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான கரிபு மான்கள் வருடந்தோறும் வந்து கன்று ஈனுகின்றன. அதைத் தோண்டலாமா கூடாதா என்ற வழக்கு நாற்பத்தைந்து வருடங்களாக இழுபடுகிறது.

இவ்வளவு தொலைவில் உள்ள மானையும் பனியையும் பற்றி எமது சஞ்சிகையில் எழுதுவது எதற்கு என்று சகோதரிகள் சிலர் நினைக்கலாம். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் நானும் இந்தப் பெயரை ஒரு பாடக்குறிப்பில் ஒற்றை வரியாகக் கடந்து போனவள்தான். பின்னர் கிராமங்களில் காணிப் பிரச்சினையோடு அலையத் தொடங்கியபோது தேடி வாசித்தேன். காட்டைக் காப்பவர்கள் ஒரு பக்கம், அழிப்பவர்கள் மறுபக்கம் என்று இதை எளிதாகப் பிரித்துவிட முடியாது. இரண்டு பக்கத்திலும் அந்த மண்ணின் பூர்வீகக் குடிகள் நிற்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் தாய்மார் பேசுகிறார்கள்.

கடந்த வருடம் ஒரு மாதர் சங்கக் கூட்டத்தில், வேலைகள் முடிந்து தேநீர் குடிக்கும் நேரம், இந்தக் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவர் முதலில் கேட்டது இதுதான்: "பிள்ளை, அந்தச் சனத்துக்குக் காணி உறுதி இருக்கோ?" பக்கத்தில் இருந்த அக்கா, ஆடு மாடு வளர்ப்பவர், "ஏன், மான் வேற இடத்திலை கண்டு போடாதோ?" என்றார். சங்கத்தின் பொருளாளராக இருக்கும் இளம் பெண் கொஞ்சம் தயங்கி, "எண்ணெய் வந்தால் வேலையும் வரும் எல்லே மிஸ்?" என்று கேட்டாள். அமெரிக்கக் காங்கிரஸில் இத்தனை வருடங்களாக நடக்கும் விவாதத்தின் சாரமே இந்த மூன்று கேள்விகளுக்குள் அடங்கிவிடும். மாட்டுக்கார அக்காவின் கேள்வியில் இருந்தே தொடங்குகிறேன்.

தாய் மான்கள் முன்னே நடக்கும்

கரிபு என்பது பனிநாட்டு மான் இனம். இதில் ஆணுக்கும் கொம்பு உண்டு, பெண்ணுக்கும் உண்டு. ஆண் மான்களின் கொம்பு மாரி தொடங்கும்போதே விழுந்துவிடும். கர்ப்பமான பெண் மானின் கொம்போ கன்று ஈனும் வரைக்கும் தலையில் நிற்கும். பனியைக் கிளறி அடியில் இருக்கும் பாசியைத் தின்ன வேண்டிய காலத்தில், வயிற்றில் கன்றோடு நிற்பவளுக்குத் தன் பங்கைக் காத்துக்கொள்ள அது உதவுகிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

இங்கு வரும் மந்தைக்குப் போர்க்குபைன் மந்தை என்று பெயர். மந்தை கடந்து வரும் பெரிய ஆற்றின் பெயர் அது. முள்ளம்பன்றி என்று பொருள். 2017 இல் கணக்கெடுத்தபோது ஏறத்தாழ 218,000 மான்கள் இருந்தன. அதுவரை பதிவான எண்ணிக்கைகளில் அதுவே மிக அதிகம். மாரியைக் கனடாவின் யூக்கொன் பகுதிக் காடுகளிலும் மலைக்குத் தெற்கேயும் கழித்துவிட்டு, ஏப்ரல் அளவில் வடக்கு நோக்கிப் புறப்படும். முதலில் புறப்படுவது கர்ப்பிணி மான்கள். ஆண் மான்கள் சில வாரங்கள் பின்னாலேதான் வரும். பனி உருகிப் பெருகும் ஆறுகளை நீந்தி, மலைக் கணவாய்களைத் தாண்டி, பல நூறு கிலோமீற்றர் நடந்து யூன் முதல் வாரத்தில் சமவெளியை அடைகின்றன. எல்லாத் தாய்களும் சில நாட்களுக்குள்ளேயே ஈன்றுவிடும். கன்று ஒரு மணித்தியாலத்துக்குள் எழுந்து நிற்கும்.

அந்த இடம்தான் வேண்டும் என்பதற்குக் காரணங்கள் உண்டு. அந்தச் சில வாரங்களில் பனிக்கு அடியில் இருந்து புதிதாக முளைக்கும் புல், பால் சுரக்கும் தாய்க்கு நல்ல ஊட்டம். ஓநாய், கரடி, கழுகு ஆகியவை மலையடிவாரத்தில்தான் அதிகம், கடலோரத்தில் குறைவு. அடுத்தது நுளம்பு. ஆட்டிக் பிரதேசத்தின் கோடைகால நுளம்பு, கன்றைத் தின்னவிடாமல் ஓடஓட விரட்டும். கடற்காற்று வீசும் கரையோரத்தில் மட்டும் அந்தத் தொல்லை குறையும். பனி அதிகமாகப் பெய்து வழி அடைபட்ட வருடங்களில் தாய் மான்கள் சமவெளியை அடைய முடியாமல் கனடாப் பக்கத்திலேயே ஈன்றிருக்கின்றன. அப்படியான வருடங்களில் தப்பிய கன்றுகள் குறைவு. ஆகவே அக்கா, வேறு இடத்தில் கண்டு போடும். ஆனால் கண்டு தங்காது.

எண்ணெய் வேண்டும் என்போர் இதற்கு ஒரு மறுமொழி வைத்திருக்கிறார்கள். மேற்கே புரூடோ பே என்னும் இடத்தில் 1968 இல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கேயும் ஒரு கரிபு மந்தை உண்டு. 1970களில் ஐயாயிரம் அளவில் இருந்த அந்த மந்தை எண்ணெய் வந்த பிறகு பெருகி, 2010 அளவில் எழுபதினாயிரத்தை நெருங்கியது. மானுக்கும் எண்ணெய்க் குழாய்க்கும் பகையில்லை என்பதற்கு இதைக் காட்டினார்கள். 2016 இல் அதே மந்தை 22,000 ஆகக் குறைந்தது. குறைந்ததற்கு எண்ணெய்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. கரிபு மந்தைகள் இயல்பாகவே கூடிக் குறைபவை. ஆனால் ஒன்று பல ஆய்வுகளில் தெளிவாகி இருக்கிறது. கன்று ஈனும் காலத்தில் தாய் மான்கள் வீதிகளையும் கட்டடங்களையும் விட்டுப் பல கிலோமீற்றர் விலகியே நிற்கின்றன. புரூடோ பேயில் சமவெளி அகலமானது, விலகிப் போக இடம் இருந்தது. சரணாலயத்துச் சமவெளியில் மலை கடலை நெருங்கி வந்துவிடுகிறது. விலகினால் மலையடிவாரத்து ஓநாயிடம்தான் போக வேண்டும்.

குவிச்சின் மக்கள்

மலைத்தொடருக்குத் தெற்கே, அலாஸ்காவிலும் கனடாவிலுமாகச் சுமார் பதினைந்து சிற்றூர்களில் குவிச்சின் மக்கள் வாழ்கிறார்கள். மொத்தம் ஒன்பதாயிரம் பேர் அளவில். மந்தை போகும் வழியை ஒட்டியே இவர்களுடைய ஊர்கள் அமைந்திருக்கின்றன. ஆர்க்டிக் வில்லேஜ் என்ற ஊரில் இருநூறு பேர்கூட இல்லை. அங்கும் வீதி கிடையாது. கடைச் சாமான் விமானத்தில் வருகிறது, விலையும் அதற்கேற்றபடி. ஆகவே மான் இறைச்சி அங்கே விசேட நாளுக்கான கறி அல்ல, அன்றாடச் சாப்பாடு. ஆண்கள் வேட்டையாடிக் கொண்டுவர, வெட்டுவது, வத்தலாகக் காயவைப்பது, தோலைப் பதப்படுத்துவது, முதியவர் வீட்டுக்கும் ஆண் துணையில்லாத வீட்டுக்கும் பங்கு அனுப்புவது எல்லாம் பெரும்பாலும் பெண்களின் கையில். ஒரு மந்தை அழிந்தால் முதலில் வெறுமையாகப்போவது எந்த வீட்டு அடுப்பு என்பது எமது வாசகிகளுக்கு விளங்கும்.

அந்தச் சமவெளிக்கு அவர்கள் தம் மொழியில் வைத்திருக்கும் பெயரின் பொருள், உயிர் தொடங்கும் புனித இடம் என்பதாகும். பஞ்சம் வந்த காலத்திலும் கன்று ஈனும் நிலத்தில் கால் வைப்பதில்லை என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கட்டுப்பாடு.

1988 இல் அங்கே தோண்டுவதற்கான பேச்சு வலுத்தபோது, குவிச்சின் மூத்தோர் எல்லா ஊர்களையும் ஆர்க்டிக் வில்லேஜுக்கு அழைத்தார்கள். இரண்டு நாடுகளாகப் பிரிக்கப்பட்ட அந்த மக்கள் அப்படி ஒன்றாகக் கூடியது நூறு வருடங்களுக்கு மேற்பட்ட காலத்தில் அதுவே முதல் தடவை. அங்கே குவிச்சின் வழிநடத்தற் குழு உருவானது. உலகத்துக்கு எடுத்துச் சொல்லப் பேச்சாளர்களைத் தெரிவு செய்தார்கள். நல்ல முறையில் சொல்லுங்கள், சண்டை பிடித்துச் சொல்லாதீர்கள் என்பது மூத்தோர் கொடுத்த அறிவுரை. ஆர்க்டிக் வில்லேஜைச் சேர்ந்த சாரா ஜேம்ஸ் அப்படிப் புறப்பட்டவர்களில் ஒருவர். கனடாவின் ஓல்ட் குரோ ஊரைச் சேர்ந்த நோர்மா காசி இன்னொருவர். பாடசாலை மண்டபங்கள், தேவாலயங்கள், காங்கிரஸ் உறுப்பினர்களின் அறைகள் என்று வருடக்கணக்காக அலைந்தார்கள். 2002 இல் இவர்கள் இருவருக்கும் ஜொனதன் சொலமன் என்பவருக்கும் சேர்த்துக் கோல்ட்மன் சுற்றாடல் விருது கிடைத்தது. பின்வந்த காலத்தில் பெர்னடெட் டெமியென்டீஃப் என்ற பெண் அந்தக் குழுவை வழிநடத்தினார். பெரிய வங்கிகளின் வாசலுக்கும் இவர்கள் போனார்கள். 2019 கடைசியிலும் 2020 இலுமாக அமெரிக்காவின் ஆறு பெரிய வங்கிகளும், ஆட்டிக் பகுதியில் எண்ணெய் தோண்டும் வேலைகளுக்கு நேரடியாகக் கடன் தருவதில்லை என்று ஒவ்வொன்றாக அறிவித்தன. மாதர் சங்கத்துக்குச் சுழற்சிக் கடன் எடுக்கவே பத்துத் தடவை வங்கிக்கு நடக்கும் எங்களுக்கு அது சின்ன விடயமல்ல.

மூன்று தடவை பெயர்க்கப்பட்ட ஊர்

இனி மறுபக்கம். சரணாலய எல்லைக்குள் இருக்கும் ஒரேயொரு ஊர் காக்டோவிக். கடலோரத்தில் பார்ட்டர் தீவு என்ற சிறு தீவில் இருக்கிறது. பார்ட்டர் என்றால் பண்டமாற்று. முற்காலத்தில் சுற்றுவட்டார மக்கள் வந்து பொருள் மாற்றிய இடம். இங்கே வாழ்பவர்கள் இனுப்பியாட் மக்கள். திமிங்கிலமும் கடல்நாயும் மீனும் மானும் இவர்களுடைய உணவு. ஊரில் முந்நூறு பேருக்கும் குறைவு.

1947 இல் அமெரிக்க விமானப்படை அந்தத் தீவுக்கு வந்தது. ஓடுபாதை அமைக்க அவர்களுக்குப் பொருத்தமாகத் தெரிந்த இடம், ஊர் இருந்த இடம். வீடுகள் புல்டோசரால் தள்ளப்பட்டன. சனம் வேறிடத்துக்குப் போனது. சோவியத் யூனியனுடன் பனிப்போர் முற்றிய காலத்தில் அங்கே ராடர் நிலையம் வந்தது. ஊரைச் சுற்றி நாலாயிரம் ஏக்கருக்கு மேல் இராணுவத்துக்கென ஒதுக்கப்பட்டது. 1953 இல் ஊர் இரண்டாம் தடவை பெயர்க்கப்பட்டது. 1964 இல் மூன்றாம் தடவை. அப்போதுதான் ஊர் இருக்கும் துண்டு நிலத்துக்கு உரித்து எழுதிக் கொடுக்கப்பட்டது. பதினேழு வருடங்களில் மூன்று இடப்பெயர்வு, அதுவும் தம் சொந்த நாட்டின் படையால். இந்த இடத்தில் நான் எமது ஊர்ப் பெயர் எதையும் சொல்லத் தேவையில்லை.

இதற்கிடையில் 1960 டிசம்பரில், ஐசன்ஹோவர் ஆட்சியில், சுற்றியுள்ள நிலம் முழுவதும் வனசீவராசிகளுக்கான ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. அதற்காகப் பாடுபட்டவர்களில் மார்டி மியூரி என்ற பெண் முக்கியமானவர். கணவர் ஓலாஸ் மியூரியோடு 1956 இல் ஷீன்ஜெக் ஆற்றுப் பக்கம் ஒரு கோடை முழுவதும் தங்கி ஆராய்ந்து, திரும்பி வந்து அந்த நிலத்துக்காகப் பேசினார். 1998 இல் அமெரிக்காவின் உயர்ந்த குடியியல் விருது அவருக்குக் கிடைத்தது. மதிக்க வேண்டிய பெண்மணி. ஆனாலும் அந்தக் காலத்துச் சூழல் பாதுகாப்பாளர்களின் எழுத்தை வாசிக்கும்போது எனக்கு ஒன்று நெருடுகிறது. மனிதக் கால் படாத நிலம், கன்னி நிலம் என்ற பேச்சு அதில் அடிக்கடி வருகிறது. 1964 இல் நிறைவேறிய வனாந்தரச் சட்டமும் மனிதரை அங்கே வந்து போகும் விருந்தாளியாகத்தான் விவரிக்கிறது. காக்டோவிக் பெண் ஒருத்தி தன் பாட்டியின் புதைகுழி இருக்கும் இடத்துக்கு விருந்தாளியா? ஒதுக்கிடத்தை அறிவித்தபோது அவளிடம் யாரும் கேட்கவில்லை. தன் வயலின் நடுவே யாரோ நட்டுவிட்டுப் போன எல்லைக் கல்லைப் பார்த்தபடி நின்ற பெண்களோடு வேலை செய்தவள் என்பதால், இதை என்னால் இலகுவாகக் கடந்துபோக முடியவில்லை.

உறுதி யாரிடம்?

அம்மாவின் கேள்விக்கு வருவோம். அலாஸ்காவை 1867 இல் ரஷ்யாவிடமிருந்து அமெரிக்கா 7.2 மில்லியன் டொலருக்கு வாங்கியது. நிலத்தில் இருந்தவர்கள் அந்த வியாபாரத்தில் கட்சிக்காரர் அல்லர். 1968 இல் எண்ணெய் கண்டதும், அதைத் தெற்குத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 1,300 கிலோமீற்றர் நீளமான குழாய் போட வேண்டியிருந்தது. குழாய் போகும் நிலம் யாருடையது என்று தீராமல் வேலை தொடங்க முடியாது. ஆகவே நூறு வருடம் கேட்டும் கிடைக்காத தீர்வு 1971 இல் அவசர அவசரமாக வந்தது. பூர்வீகக் குடிகள் மற்ற உரிமைகளை விட்டுக்கொடுத்தால் 44 மில்லியன் ஏக்கரும் 962.5 மில்லியன் டொலரும் தரப்படும். நிலம் ஊரின் பெயரில் வராது. கம்பனி அமைத்து, ஊரவர் அதன் பங்குதாரர் ஆக வேண்டும்.

ஆர்க்டிக் வில்லேஜும் அயலூரான வெனட்டியும் காசு வேண்டாம் என்றன. பதிலாக 1.8 மில்லியன் ஏக்கர் நிலத்துக்கு நேரடியாக உரித்தைப் பெற்றன. கன்று ஈனும் சமவெளி அதற்குள் இல்லை. அது மலைக்கு அப்பால், மத்திய அரசின் நிலம். காக்டோவிக் கம்பனி அமைத்தது. 92,000 ஏக்கர் அதற்குக் கிடைத்தது, சமவெளிக்கு உள்ளேயே. ஆனால் அதன் மேல்மண் மட்டும்தான் ஊர்க் கம்பனிக்கு. மண்ணுக்குக் கீழே உள்ளது பிராந்தியக் கம்பனிக்கு. அந்த எண்ணெயை எடுக்கவும் முடியாது, காங்கிரஸ் சமவெளியைத் திறக்கும் வரை. அப்படியான உறுதியைப் பெட்டிக்குள் வைத்திருப்பதில் என்ன பயன் என்று அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு.

1980 டிசம்பரில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம் சரணாலயத்தை இரு மடங்குக்கு மேல் பெரிதாக்கியது. சமவெளியைப் பற்றி மட்டும் முடிவெடுக்காமல், ஆராய்ந்து பார்ப்போம், அதுவரை காங்கிரஸின் அனுமதியின்றித் தோண்டக்கூடாது என்று விட்டுவைத்தது. வழக்கு வளர்ந்தது அந்த ஒரு பிரிவில்தான். 1984, 1985 மாரிகளில் நிலத்தை அதிரவைத்து எண்ணெய் தேடிய வாகனங்களின் தடம் பல பத்து வருடங்கள் கழித்தும் சில இடங்களில் தெரிந்தது. உறைந்த மண்ணில் ஒரு காயம் ஆற அவ்வளவு காலம் எடுக்கும்.

வேலையும் வாளிக் கழிப்பறையும்

எண்ணெய் வந்தால் வேலை வருமா என்று கேட்ட தங்கைக்கு, வரும் என்றுதான் சொன்னேன். வேலையை விடவும் வரிதான் பெரியது. 1972 இல் இனுப்பியாட் மக்கள் தமக்கென வட சரிவுப் பெருநகராட்சி ஒன்றை அமைத்தார்கள். எண்ணெய்க் கம்பனிகளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அந்த ஆட்சி புரூடோ பேயின் சொத்துகளுக்கு வரி விதித்தது. அந்தக் காசில் பாடசாலை வந்தது. அதுவரை உயர்தரம் படிக்கப் பிள்ளைகளை ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள விடுதிகளுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. மருத்துவ நிலையம், தீயணைப்பு வண்டி, குழாய் நீர் எல்லாம் வந்தன. அதற்கு முன்னர் வீட்டு மூலையில் வாளிக் கழிப்பறை. அந்த வாளியைத் தினமும் வெளியே கொண்டுபோய்க் கொட்டியவர்கள் யார் என்று சொல்லவும் வேண்டுமா? முகாமில் இருந்தவர்களுக்குக் கழிப்பறை ஒன்றின் அருமை புரியும். காக்டோவிக் தாய் ஒருத்தி, எண்ணெய் எங்களுக்குத் தண்ணீரைத் தந்தது என்று சொன்னால் நகரத்தில் இருந்துகொண்டு அவளைப் பேராசைக்காரி என்று சொல்ல எவருக்கும் தகுதியில்லை.

அதேவேளை புரூடோ பேயின் எண்ணெய் குறைந்துகொண்டு வருகிறது. வரியும் அதோடு குறையும். ஆகவேதான் அந்தப் பகுதித் தலைவர்களில் பெரும்பாலானோர் சமவெளியைத் திறக்கக் கேட்கிறார்கள். ஆனால் கடலுக்குள் தோண்டுவதை அதே மக்களில் பலர் எதிர்க்கிறார்கள், திமிங்கிலத்துக்கு ஆபத்து என்று. காக்டோவிக்கிலும் எல்லோரும் ஒரே குரலில் பேசவில்லை. குவிச்சின் பக்கத்திலும் 1980களில் வெனட்டி நிலத்தில் எண்ணெய் தேட ஒரு கட்டத்தில் இடம் கொடுத்தார்கள், எண்ணெய் கிடைக்கவில்லை. எதிராளிகள் இன்றுவரை இதைச் சொல்லிக் குத்திக்காட்டுகிறார்கள். வறுமையில் இருப்பவர் எடுத்த ஒரு முடிவைத் தூக்கிப்பிடித்து, உனக்கு இனிப் பேச உரிமையில்லை என்பது எங்கும் உள்ள தந்திரம்தான்.

என் மனம் எந்தப் பக்கம் என்று கேட்டால், கன்று ஈனும் நிலத்தைத் தோண்டக்கூடாது என்ற பக்கம். ஏனென்றால் குழாய் நீருக்கும் பாடசாலைக்கும் வேறு வழியில் காசு தேடலாம், பணக்கார நாடு அது. மந்தை போனால் வேறு மந்தை இல்லை. ஆனால் அந்த மாற்றுவழியைக் காட்டாமல், காக்டோவிக் மக்களைப் பார்த்து மானைக் காப்பாற்று என்று மட்டும் சொல்லும் சூழல் அமைப்புகளோடு எனக்கு உடன்பாடில்லை.

திறப்பதும் மூடுவதும்

1989 மார்ச்சில் எக்ஸன் வால்டீஸ் கப்பல் அலாஸ்காவின் தெற்குக் கரையில் மோதிப் பதினொரு மில்லியன் கலன் மசகு எண்ணெயைக் கடலில் கொட்டியது. சமவெளியைத் திறக்க அப்போது காங்கிரஸில் நகர்ந்துகொண்டிருந்த முயற்சி அதோடு நின்றது. 1995 இல் காங்கிரஸ் நிறைவேற்றியதை ஜனாதிபதி கிளிண்டன் மறுத்தார். 2005 இல் செனட் சபையில் சில வாக்குகளால் தவறியது. 2017 டிசம்பரில் வரிக்குறைப்புச் சட்டம் ஒன்றுக்குள் இதையும் சேர்த்து நிறைவேற்றினார்கள். 2024 முடிவதற்குள் இரண்டு தடவை குத்தகை ஏலம் விட வேண்டும் என்றும், ஏறத்தாழ ஒரு பில்லியன் டொலர் திறைசேரிக்கு வரும் என்றும் சொன்னார்கள்.

முதல் ஏலம் 2021 ஜனவரி 6 இல் நடந்தது. பெரிய எண்ணெய்க் கம்பனிகள் எதுவும் வரவில்லை. பாதித் துண்டுகளை எவரும் கேட்கவில்லை. பெரும்பாலானவற்றை எடுத்தது அலாஸ்கா மாநில அரசின் சொந்த அபிவிருத்தி நிறுவனம். வந்த தொகை சுமார் 14 மில்லியன் டொலர். மற்ற இரண்டு சிறு கம்பனிகளும் பின்னர் கைவிட்டன. பைடன் அரசு 2023 செப்டெம்பரில் மாநில நிறுவனத்தின் குத்தகைகளை இரத்துச் செய்தது. இரண்டாவது ஏலத்துக்கு, 2025 ஜனவரியில், ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை. அதே வருடம் மார்ச்சில், குத்தகைகளை இரத்துச் செய்த முறை பிழை என்று நீதிமன்றம் தீர்த்தது. யூலையில் ட்ரம்ப் கையொப்பமிட்ட சட்டம் பத்து வருடங்களில் குறைந்தது நான்கு ஏலங்கள் நடத்த வேண்டும், முதலாவதை ஒரு வருடத்துக்குள் நடத்த வேண்டும் என்றது. ஒக்டோபரில் உள்துறைச் செயலாளர் சமவெளி முழுவதையும், 1.56 மில்லியன் ஏக்கரையும், ஏலத்துக்குத் திறப்பதாக அறிவித்தார். காக்டோவிக்கின் தலைவர்கள் வரவேற்றார்கள். குவிச்சின் தலைவர்கள் எதிர்த்தார்கள்.

கீழே உண்மையில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது? 1998 இல் அமெரிக்கப் புவியியல் அளவைத் திணைக்களத்தின் நடுத்தர மதிப்பீடு 10.4 பில்லியன் பீப்பாய். கேட்கப் பெரிதாக இருக்கும். அமெரிக்கா ஒரு நாளில் பாவிப்பது ஏறத்தாழ 20 மில்லியன் பீப்பாய். கணக்குப் போட்டால் ஒன்றரை வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. 1980களின் நடுவில் காக்டோவிக் கம்பனியின் நிலத்தில் ஒரேயொரு சோதனைக் கிணறு தோண்டினார்கள். அதன் முடிவை மூன்று பத்தாண்டுகளுக்கு மேலாக இரகசியமாகவே வைத்திருந்தார்கள்.

இதற்குள் பனியே மாறிவிட்டது. பூமியின் மற்றப் பகுதிகளைவிட ஆட்டிக் பகுதி பல மடங்கு வேகமாக வெப்பமடைகிறது. கடற்பனி குறைவதால் துருவக்கரடிகள் கரைக்கு வந்து, காக்டோவிக் மக்கள் வெட்டிப்போட்ட திமிங்கில எலும்புகளைச் சுற்றித் திரிகின்றன. உறைந்த நிலம் இளகுகிறது. எண்ணெய் ஒரு சொட்டும் எடுக்காவிட்டாலும் இது நடக்கும். வேறெங்கோ எடுத்து எரித்த எண்ணெயின் விளைவு இது.

கூட்டம் கலையும் நேரம் அந்த அம்மா இன்னொன்றும் கேட்டார்: "அப்ப அந்த ரெண்டு ஊரும் ஒருத்தரோடை ஒருத்தர் கதைக்கிறேல்லையோ?" அதற்கு என்னிடம் இருந்த பதில் மானின் நடைபாதைதான். யூன் முடிவிலும் யூலையிலும் நுளம்பு பெருகியதும் மந்தை காற்று வாங்கக் கடலோரம் வரும். அப்போது காக்டோவிக் மக்கள் படகில் கரையோரமாகப் போய்த் தமக்குத் தேவையானதை வேட்டையாடுவார்கள். பின்னர் அதே மந்தை கன்றுகளோடு மலையைத் தாண்டித் தெற்கே திரும்பும். ஓகஸ்ட், செப்டெம்பரில் ஆர்க்டிக் வில்லேஜ் ஊரைக் கடக்கும்போது குவிச்சின் வீடுகளில் இறைச்சிக் கீலங்கள் புகை போட்ட கொட்டிலில் தொங்கத் தொடங்கும். அந்தப் பருவத்தில் காக்டோவிக் ஆட்கள் திமிங்கிலத்துக்காகக் கடலில் நிற்பார்கள்.